கல்லூரி ஆராய்ச்சியின் யோக்கியதை

சங்ககிரியில் காலை வேளையில் திருச்செங்கோட்டு ரோட்டிலோ, சேலம் ரோட்டிலோ சற்று நேரம் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு காட்சி தப்பாமல் கிடைக்கும். அதாவது, வரிசை வரிசையாகக் கல்லூரி பஸ்கள் போகும். அவற்றினுள்ளே குடியானவர் வீட்டுப் பிள்ளையும், தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும், லாரி டிரைவர் மகளும், அருந்ததியர் தெருப் பையனும் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமாரில் அநேகர் பள்ளிக்கூடத்துத் திண்ணையைக்கூட மிதித்தவர்களல்ல. அவர்களை மிதிக்க விட்டவர்களும் இல்லை.

இந்த மாறுதல் எந்த மலைமேல் இருக்கிற சாமியும் கொடுத்த வரமல்ல. 1921ஆம் வருஷத்தில் நீதிக்கட்சி மந்திரிசபை முதன்முதலாக வகுப்புவாரி உத்தரவு போட்ட நாள் முதற்கொண்டு, "தகுதி போய்விட்டது, திறமை போய்விட்டது" என்று ஒரு கூட்டத்தார் ஒப்பாரி வைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். 1950இல் சென்னை ஐகோர்ட்டும், 1951இல் சுப்ரீம் கோர்ட்டும் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிடுவது செல்லாது என்று சொல்லி, அதன்மேல் தமிழ்நாட்டில் கிளர்ச்சி மூண்டு, அதே 1951இல் அரசியல் சட்டத்தையே முதல் தடவையாகத் திருத்தவேண்டி வந்தது. ஆகவே கல்லூரிகள் பெருகியதைப் பற்றி நமக்குச் சந்தோஷமே ஒழியச் சலிப்புக் கிடையாது.

நிற்க, நாம் இன்று எழுத வந்த சங்கதி வேறு. பஸ்ஸில் ஏறிப்போன பிள்ளை உள்ளே போய் என்ன செய்கிறான், அவனுக்குப் பாடம் சொல்லுகிறவர்கள் "ஆராய்ச்சி, ஆராய்ச்சி" என்கிறார்களே, அந்த ஆராய்ச்சியின் யோக்கியதை என்ன என்பதுதான்.

நாம் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கினவர்களல்ல. நாம் படித்ததெல்லாம் வாசகசாலையிலும் பழைய புஸ்தகக் கடையிலுமே. ஆகையால், "இவர்களுக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும்?" என்று பண்டிதர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லுகிறவன் தானும் மாடாகப் பிறந்திருக்கவேண்டும் என்று எந்தச் சந்தையிலும் சட்டம் இல்லை.

இன்று என்ஜினீயரிங் கல்லூரியில் கடைசி வருஷத்துப் பிள்ளை ஒவ்வொருவனும் "புராஜெக்ட்" என்று ஒன்று செய்து காட்டவேண்டும். தானே யோசித்து, தானே செய்து, தப்பு வந்தால் தானே கண்டுபிடித்துத் திருத்திப் பழகுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. நடப்பது என்ன? நகரங்களில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. பணத்தைக் கட்டினால் யந்திரமும் கிடைக்கும், அதைப் பற்றிய புஸ்தகமும் பைண்டு செய்து கிடைக்கும், பரீட்சையாளர் கேட்டால் சொல்லவேண்டிய பதிலும் கிடைக்கும். திவசத்துக்குச் சாமான் பட்டியலும் மந்திரமும் சேர்த்து ஒரே கூலிக்குப் பேசிக்கொள்வதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? அங்கே கர்த்தாவுக்கு மந்திரத்தின் அர்த்தம் தெரியாது. இங்கே மாணவனுக்கு யந்திரத்தின் அர்த்தம் தெரியாது. இரண்டு இடத்திலும் தட்சணை மாத்திரம் தெளிவாகத் தெரியும்.

இதைவிடப் பெரிய ஆராய்ச்சி "பி.எச்.டி." என்பது. அதிலே பிறர் எழுதினதைத் தன் எழுத்தாகக் காட்டுகிற வழக்கம் மிகுந்துபோனபடியால், பல்கலைக்கழக மானியக் குழுவார் 2018இல் ஒரு விதி செய்தார்கள். அதன்படி நூற்றுக்குப் பத்து வரையில் பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தி எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குமேல் அறுபது வரை இருந்தால் ஒரு வருஷத்துக்குக் கொடுக்கவே கூடாது. அறுபதையும் தாண்டினால் பெயரையே அடித்துவிடுவார்கள். நல்ல விதிதான். ஆனால் திருட்டைத் தராசில் நிறுத்து, "இவ்வளவு வரையில் பாதகமில்லை" என்று சொல்லவேண்டிய நிலைமை வந்ததே, அதைக்கொண்டு வாசகர்களே மற்றதை யூகித்துக்கொள்ளலாம்.

ஆராய்ச்சி என்பது என்ன? கண்ணுக்கு எதிரே இருக்கிற ஒன்றை, "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டு, பதில் கிடைக்கிற வரையில் விடாமல் இருப்பது. நமது ஜில்லாக்களில் அப்படிக் கேட்பதற்கு விஷயம் இல்லாமற் போயிற்றா? திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரிகள் இந்தியா தேசம் முழுவதும் போய்ப் பாறையைத் துளைத்துவிட்டு வருகின்றன. தண்ணீர் எடுப்பதையே தொழிலாகக்கொண்ட ஊரைச் சுற்றித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருப்பது ஏன்? பள்ளிபாளையத்திலே விசைத்தறித் தொழிலாளிகள் கடனை அடைப்பதற்காகத் தங்கள் சிறுநீரகத்தையே விற்ற சங்கதி 2025இல் பத்திரிகைகளில் நாறியது. அந்தக் கடன் எப்படி ஏறிற்று, முன்பணம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கணக்கெடுப்பது ஆராய்ச்சி அல்லவா? இவற்றை எடுத்துக்கொண்டு உழைத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களை நாம் குறைசொல்ல வரவில்லை. ஆனால் பட்டம் வாங்கினவர் தொகையையும், இந்த ஊர்களைப் பற்றி உருப்படியாய்த் தெரிந்துகொண்ட தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெட்கமாயிருக்கிறது.

இப்படிச் சொல்லும்போது, நமது சமீபத்திலேயே நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லாமல் விட்டால் அது அயோக்கியத்தனமாகும்.

நாமக்கல் அரசுக் கலைக் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த தோழர் பெருமாள்முருகன், தம்மிடம் படித்த பிள்ளைகளையும், ஆராய்ச்சியில் பிரியமுள்ள சிநேகிதர்களையும் தம் வீட்டு மொட்டை மாடியில் கூட்டி, "கூடு" என்ற பெயரில் சந்திப்புகள் நடத்திவந்தார். நாற்காலி மேஜைகூட வேண்டியிருக்கவில்லை. ஒருவர் கட்டுரை வாசிப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கூட்டத்தாரைக்கொண்டு அவர் ஒரு புஸ்தகத்தை உண்டாக்கினார். அதன் பெயர் "சாதியும் நானும்", 2013இல் வெளிவந்தது. முப்பத்திரண்டு பேர் எழுதியது. பின்னர் இதை அம்பை என்ற பெயரில் எழுதுகிற சி.எஸ்.லக்ஷ்மி இங்கிலீஷிலும் பெயர்த்தார். கொட்டாங்கச்சியில் காப்பி ஊற்றிக் கொடுக்கிற வழக்கத்தையே அந்த இங்கிலீஷ் புஸ்தகத்துக்குப் பெயராகவும் வைத்தார்கள்.

அந்த முப்பத்திரண்டு பேரும் செய்தது என்னவென்றால், ஜாதியை அவரவர் எங்கே, எப்போது, எப்படிக் கண்டார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதினது. எழுதினவர்கள் ஒரே ஜாதியாரல்லர். ஒதுக்கப்பட்டவர்களும் எழுதினார்கள், ஒதுக்குகிற வீட்டிலே பிறந்தவர்களும் எழுதினார்கள். இந்த இரண்டாவது வகையார் எழுதியதைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டும் என்போம். அடிபட்டவன் வலியைச் சொல்லுவது இயல்பு. ஆனால் தன் அப்பனும் ஆத்தாளும் யாரை வாசலில் நிறுத்தினார்கள், யாருக்கு எந்தப் பாத்திரத்தில் ஊற்றினார்கள் என்பதைத் தன் பெயரோடு ஒரு பிள்ளை அச்சில் எழுதுவதென்றால் அது லேசான காரியமல்ல. அந்தப் பிள்ளை மறுபடியும் அதே வீட்டிற்குத்தான் சாப்பிடப் போகவேண்டும்!

"இது அனுபவக் கதை, ஆராய்ச்சி ஆகுமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஏன் ஆகாது? காய்ச்சலைப் பற்றி ஆராய்கிற டாக்டர் காய்ச்சல்காரனிடம் "எப்போது குளிர் எடுத்தது?" என்று கேட்பதில்லையா? ஜாதியைப் பற்றி வேதத்திலும் மனுதர்மத்திலும் எழுதியிருப்பதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் ஜாதி ஜாதியாக மண்டையோட்டை அளந்து எழுதினதைச் சொல்லவும் ஆள் இருக்கிறது. ஆனால் இராசிபுரத்துப் பக்கத்திலோ, பரமத்திப் பக்கத்திலோ ஒரு பத்து வயதுப் பையனுக்கு, "நீ இன்ன ஜாதி" என்பதை முதன்முதலாகத் தெரியப்படுத்தினது யார்? வாத்தியாரா, கடைக்காரரா, கூட விளையாடினவனா, சொந்த ஆத்தாளா? இதை அந்தப் பையன் சொன்னால் ஒழிய எந்த சர்வகலாசாலைப் புஸ்தகசாலையிலும் காணமுடியாது.

இதற்கு நாம் ஒரு பெரிய சாட்சியையே கூப்பிடுவோம். 1916ஆம் வருஷம் மே மாதம் 9ந் தேதி அமெரிக்காவிலே நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில், ஆசிரியர் கோல்டன்வைசர் நடத்திய வகுப்பில், இருபத்தைந்து வயதுள்ள ஓர் இந்திய மாணவர் இந்தியாவில் ஜாதிகள் எப்படி உண்டாயின என்பதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அவர் பெயர் அம்பேத்கர். அதுவரையில் ஜாதிக்கு நிறம் காரணம், தொழில் காரணம் என்று பலபேர் பலவிதமாகச் சொல்லிவந்ததை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, தன் ஜாதிக்குள்ளேயேதான் கல்யாணம் செய்யவேண்டும் என்கிற கட்டுத்தான் ஜாதிக்கு மூலம். விதவையையும் குழந்தைக் கல்யாணத்தையும் பற்றிய கொடுமைகள் எல்லாம் அந்தக் கட்டைக் காப்பதற்காகவே ஏற்பட்டவை என்று அவர் எடுத்துக்காட்டினார். இதுவும் ஒரு "காலேஜ் புராஜெக்ட்" தான்! எந்தக் கடையில் வாங்கினார்? எந்த ஜாதியால் தாழ்வுற்றாரோ, அதையே எடுத்து மேஜைமேல் வைத்து அறுத்துப் பார்த்தார். நாமக்கல் மொட்டை மாடியில் அந்தப் பிள்ளைகள் செய்ததும் அதே ஜாதிக் காரியமே.

சரி, இப்படிப் பிள்ளைகளைப் பழக்கிய ஆசிரியருக்கு நமது நாட்டார் செய்த மரியாதை என்ன?

அவர் திருச்செங்கோட்டு வட்டாரத்து நாட்டு வழக்கங்களைப் பற்றி ஒரு கலை ஸ்தாபனத்தின் உதவித்தொகை பெற்று ஆராய்ந்து, அதன் பயனாக 2010இல் "மாதொருபாகன்" என்ற நாவலை எழுதினார். பிள்ளையில்லாத ஒரு பெண்ணை ஊரும் உறவும் படுத்துகிற பாடும், தேர்த் திருவிழாவையொட்டிப் பழங்காலத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு வழக்கமும் அதில் கதையாக வருகின்றன. நாலு வருஷம் அதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. 2014 டிசம்பரில் திடீரென்று பக்தியும் ஜாதி மானமும் பொங்கி வழிந்து, திருச்செங்கோட்டில் புஸ்தகத்தைக் கொளுத்தினார்கள். அடுத்த மாதம் கடையடைப்பும் நடந்தது. 2015 ஜனவரி 12ந் தேதி நாமக்கல் கலெக்டர் ஆபீசில் "சமாதானம்" என்ற பெயரால் அவரை உட்காரவைத்து, நிபந்தனை இல்லாத மன்னிப்பை எழுதி வாங்கினார்கள். அவரும் வீட்டுக்குப் போய், எழுத்தாளனாகிய தான் செத்துப்போனதாகத் தாமே உலகத்துக்கு அறிவித்துவிட்டார்.

இந்தப் பக்தர்களை நாம் ஒன்று கேட்கிறோம். பாரதத்திலே விசித்திரவீரியன் பிள்ளையில்லாமல் செத்தபிறகு, அவன் பெண்சாதிகளிடம் வியாசரை அனுப்பியல்லவா திருதராஷ்டிரனும் பாண்டுவும் பிறந்தார்கள்? அதைக் கோயில் மண்டபத்தில் விடிய விடியக் கதை சொல்லக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர்களுக்கு, ஒரு குடியானவப் பெண்ணின் துக்கத்தைக் கதையாக எழுதினால் மாத்திரம் மானம் போய்விட்டதோ? ராஜ வம்சத்துக்கு என்றால் தர்மம், காட்டில் பாடுபடுகிறவனுக்கு என்றால் அவமானம். இதுதானே உங்கள் சாஸ்திரம்?

2016 ஜூலை 5ந் தேதி சென்னை ஐகோர்ட்டார், அந்தக் கலெக்டர் ஆபீசு சமாதானம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், பிடிக்காதவர்கள் புஸ்தகத்தை மூடி வைத்துவிடலாமே என்றும், அவர் மறுபடியும் எழுதலாமென்றும் தீர்ப்புச் சொன்னார்கள். அவரும் எழுதினார். நல்லதுதான். ஆனால் அந்த ஒன்றரை வருஷத்தில், எத்தனை கல்லூரிகளில் எத்தனை ஆசிரியர்கள், "நமக்கேன் வம்பு? வேறு தலைப்புப் பார்த்துக்கொள்" என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்கள்? அந்தக் கணக்கு எந்தக் கோர்ட்டுக்கும் வராது.

அதே 2015ஆம் வருஷத்தில், அதே திருச்செங்கோட்டு மலைக் கோயிலில், ஜூன் மாதம் 23ந் தேதி நடந்ததை நமது வட்டாரத்தார் எவரும் மறந்திருக்க முடியாது. என்ஜினீயரிங் படித்த ஒரு தலித் இளைஞன் தன்னோடு படித்த வேறு ஜாதிப் பெண்ணோடு அங்கே பேசிக்கொண்டிருந்தான் என்பதற்காகக் கடத்திக்கொண்டு போகப்பட்டான். மறுநாள் பள்ளிபாளையத்துக்குச் சமீபத்தில் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். ஈசனும் அம்மனும் ஒரே உடம்பாய் நிற்கிறார்கள் என்று சொல்லப்படுகிற கோயிலில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பேசினது கொலைக் குற்றமாய்ப் போயிற்று! அங்கிருந்த சாமி சாட்சி சொல்லவில்லை. கோயிலில் மாட்டியிருந்த காமிராதான் சாட்சி சொல்லிற்று. 2022 மார்ச்சில் மதுரைத் தனிக்கோர்ட்டு பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தண்டித்தது. 2023 ஜூனில் ஐகோர்ட்டும் முக்கியக் குற்றவாளியின் ஆயுள்தண்டனையை உறுதி செய்தது. அம்பேத்கர் 1916இல் எழுதிய கட்டுரைக்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டுமா? படிப்பு இரண்டு பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தது. அதோடு அதன் சக்தி தீர்ந்துவிட்டது.

அந்தக் கொலைக் கூட்டத்தின் தலைவன் தன் ஜாதிச் சங்கத்துக்குத் தீரன் சின்னமலையின் பெயரைச் சூட்டியிருந்தான் என்பதையும் சொல்லவேண்டும். கும்பெனியாரை எதிர்த்துப் போராடி, 1805 ஜூலை 31ந் தேதி நமது சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டவர் சின்னமலை. அன்னியன் போட்ட கயிற்றில் செத்தவருடைய பெயரை, சொந்த ஊர்ப் பிள்ளையின் கழுத்தை அறுக்க உபயோகித்த கொடுமையை என்னவென்று சொல்லுவது!

இனிச் சேலத்துக்கு வருவோம். சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக் கல்லூரிகளுக்கெல்லாம் தலைமையாக 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் என்று ஒன்று ஏற்பட்டது. ஜாதியை ஒழிக்கவேண்டும் என்று ஆயுள் முழுவதும் கத்தியவருடைய பெயரை அதற்கு வைத்தார்கள். 2022 ஜூலையில் அந்தப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சரித்திரப் பரீட்சை நடந்தது. தமிழ்நாட்டுச் சுதந்திரப் போராட்டம் என்பது பாடம். அந்தத் தாளிலே, தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த ஜாதி எது என்று ஒரு கேள்வி கேட்டு, கீழே நாலு ஜாதிப் பெயரைப் போட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள்!

கூச்சல் கிளம்பிற்று. வேறு இடத்து ஆசிரியர் தயாரித்த தாள், பரீட்சைக்கு முன் நாங்கள் பார்க்கிற வழக்கமில்லை என்று பல்கலைக்கழகத்தார் சமாதானம் சொன்னார்கள். சர்க்காரும் விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. நாம் அந்தத் தாளைத் தயாரித்த மனிதரை மாத்திரம் கோபிப்பதில் பயனில்லை என்கிறோம். அவர் ஏதோ மனம் வந்து புதிதாகக் கற்பித்ததல்ல அந்தக் கேள்வி. அவர் படித்த புஸ்தகத்தில் அப்படி இருந்தது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் சொல்லிக்கொடுத்தார். அவர் எழுதிப் பட்டம் வாங்கினார். "தாழ்ந்த ஜாதி" என்பது சுண்ணாம்புக்கல், இரும்புக்கல் என்பதுபோல இயற்கையில் கிடைக்கிற ஒரு வஸ்து என்று அவர் நினைத்தார். "தாழ்த்தினது யார், எப்போது, எதற்காக?" என்று கேட்டிருந்தால் அது சரித்திரப் பரீட்சை. "தாழ்ந்தது எது?" என்று கேட்டால் அது புரோகிதப் பரீட்சை. அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் அந்த நாலில் ஒரு பெயருக்குரியவர்கள் இருந்திருந்தால், பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு தன்னையே தாழ்ந்தவன் என்று குறித்து, அதற்கு மார்க்கும் வாங்கவேண்டியதாக அல்லவா இருந்திருக்கும்?

இவ்வளவும் எழுதினால், பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம்மீது கோபித்துக்கொள்வார்கள். "நிலத்தை அடமானம் வைத்துப் படிக்கவைக்கிறோம். ஏதோ படித்தான், பெங்களூரிலோ சென்னையிலோ உத்தியோகத்துக்குப் போனான் என்றில்லாமல், ஜாதியைத் தோண்டு, கோயிலைத் தோண்டு என்று கிளப்பிவிடுகிறீர்களே" என்பார்கள். உத்தியோகம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வேண்டியதுதான். ஆனால் உங்கள் மகன் பெங்களூரில் யந்திரத்துக்கு மூளை வைக்கிற உத்தியோகம் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு வீட்டுக்கு வந்ததும், பெண் பார்க்க ஜாதகக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஜோசியன் வீட்டுக்குப் போகிறானே, அது எந்தப் படிப்பின் லட்சணம்? கேள்வி கேட்கிற பழக்கம் ஓர் இடத்தில் வந்து, மற்றோர் இடத்தில் வராமல் இருக்குமானால் அவன் படித்தது வித்தையல்ல, தொழில். கொல்லன் மகனுக்கும் தச்சன் மகனுக்கும் அவனுக்கும் அந்த விஷயத்தில் பேதமில்லை. சொல்லப்போனால் கொல்லனாவது தன் துருத்தியைத் தானே செய்துகொள்ளுவான்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாம் ஒரு யோசனை சொல்லுகிறோம். பணம் வேண்டாம், யந்திரம் வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும். உங்கள் குடும்பத்தில் உங்களுக்குத் தெரிந்தவரையில் மூன்று தலைமுறையில் நடந்த கல்யாணங்களை எல்லாம் பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். மாப்பிள்ளை எந்த ஊர், பெண் எந்த ஊர், பெண்ணுக்கு அப்போது என்ன வயது, எவ்வளவு போட்டார்கள், நிலம் கைமாறிற்றா, புருஷன் செத்தபின் அவள் என்ன ஆனாள், ஜாதி விட்டுக் கல்யாணம் ஒன்றாவது உண்டா, உண்டென்றால் அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், பேச்சுவார்த்தை உண்டா என்பதையெல்லாம் எழுதுங்கள். பிறகு உங்கள் வகுப்பில் வேறு வேறு ஜாதியில் பிறந்த ஐந்தாறு பேர் உங்கள் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அப்புறம் அம்பேத்கர் கட்டுரையை எடுத்து, அவர் சொன்னது சரியா தப்பா என்று நீங்களே பாருங்கள். தப்பு என்று தோன்றினால் அதையும் தைரியமாக எழுதுங்கள். அவரை ஒன்றும் நாம் அவதாரம் என்று சொல்லவில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படி எழுதிக்கொண்டுவருகிற பிள்ளைக்கு மார்க்கு கொடுக்க விதியில் இடமில்லை என்று சொல்லாதீர்கள். கடையில் வாங்கிவந்த பெட்டியைக் கண்டும் காணாததுபோல் மார்க்குப் போடுவதற்கு எந்த விதியில் இடமிருந்தது?

வீட்டிலுள்ள பெரியவர்கள், பேரனோ பேத்தியோ நோட்டோடு வந்து உட்கார்ந்தால், "இதெல்லாம் உனக்கெதற்கு?" என்று விரட்டாமல் தெரிந்ததைச் சொல்லவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். முக்கியமாகப் பாட்டிமார்கள் சொல்லவேண்டும். கல்யாணப் பத்திரிகையில் வராத சங்கதிகள் அவர்களிடத்தில்தான் இருக்கின்றன. சங்ககிரியிலும் சுற்றுப்புறத்திலும் பத்துப் பிள்ளைகள் இப்படி எழுதி முடித்தார்களானால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோட்டை அடிவாரத்தில் கூடி ஒவ்வொருவராக வாசிக்கட்டும். பாயும் விளக்கும் கொண்டுவருவது நம் பொறுப்பு.